கடப்பாரை படாத கால்தடம்

காலை ஆறே காலுக்கு அரும்பாவூரில் பஸ் ஏறினோம், நானும் என் மனைவி மல்லிகாவும். அறுத்த சின்ன வெங்காயத்தைக் காற்றோட்டமாகப் பட்டறை போட்டு சேமித்து முடித்திருந்ததால் ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. "உங்களாலதான் செலவு" என்று பெரம்பலூர் வரை சொல்லிக்கொண்டே வந்தாள். அங்கே இட்லி தின்று பஸ் மாறினோம். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து அரியலூர் சேரும்போது மணி ஒன்பதரை.

இந்தப் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது. மண்ணை வெட்டினால் இன்றும் கிளிஞ்சல் வரும். அந்தக் கடலின் கரையில் நடந்த டைனோசரின் கால்தடம் ஒரு பாறையில் இருக்கிறதென்று மல்லிகாவின் போனில் வீடியோ வந்திருந்தது. பல கோடி வருஷத்துத் தடத்தில் என் உள்ளங்கையை ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் வந்தேன்.

எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது. ஆட்டோவை மல்லிகாதான் பேசினாள்.

"பீச்சுக்குங்களா அக்கா?"

"இங்க ஏது பீச்சு?"

"கால்தடம் இருக்கற எடத்துக்கு நாங்க வச்ச பேருக்கா. தண்ணி மட்டும்தான் இல்ல" என்று டிரைவர் சிரித்தார். போக வர அறுநூறு கேட்டார், ஐந்நூறுக்கு இறங்கினார்.

காய்ந்த ஓடைக்குள் அகலமான பாறை. சிப்ஸ் கவர்கள் பறந்தன. ஒரு குடும்பம் தடத்துக்குள் குழந்தையை உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் எழுந்ததும் குனிந்து பார்த்தேன். முறம் அளவுக்குப் பள்ளம், மூன்று விரல்கள். ஓரம் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. தடவினேன். விரலில் கல்மாவு ஒட்டியது.

"தம்பி, இது புதுசா இருக்கே?" கூடவே இறங்கி வந்த டிரைவரிடம் அன்றைக்கு நான் கேட்ட முதல் கேள்வி அது.

"ஆழம் கம்மிண்ணே. போட்டோல வுழுவல. நாங்கதான் கடப்பாரையால கொஞ்சம் எடுத்துவுட்டோம்."

"கடப்பாரையாலயா?"

"ரெண்டு வெரலுதான் தெரிஞ்சுச்சு. மூணாவது நாங்க வச்சது" என்றார், வீட்டுக்கு ஜன்னல் வைத்ததைச் சொல்வதுபோல. "போன மாசம் ஒரு பார்ட்டி, ஒண்ணுமே தெரியல, காசத் திருப்பிக் குடுன்னு சண்டைண்ணே. என்ன பண்றது?"

அத்தனை கோடி வருஷம் வெயிலும் மழையும் விட்டுவைத்ததை ஒரு போட்டோவுக்காகக் குத்தியிருக்கிறார்கள்! கேட்க ஆள் இல்லை, ஒரு போர்டு இல்லை, ஒரு வேலி இல்லை. கடப்பாரை பிடித்தவரைவிட, காசைத் திருப்பிக் கேட்டவர்கள் மேல்தான் எனக்கு அதிக ஆத்திரம். டைனோசர் இவர்கள் போனுக்காகவா அழுத்தி மிதித்துப் போகும்?

"ஐநூறு ரூவா குடுத்துப் பள்ளம் பாக்கணுமா? நம்ம கொல்லையில இல்லாத பள்ளமா?" என்றாள் மல்லிகா. நான் ஓடையோடு நடந்தேன்.

ஓடை வளைவில் கல்லின் மேல் அலை வரிகள் அப்படியே உறைந்திருந்தன. அவற்றின் நடுவே மண் மூடிய ஒரு வட்டம். கையால் மண்ணைத் தள்ளினேன். ஆழமே இல்லை. வழுவழுப்பான குழி, முன்னால் மங்கலாக இரண்டு விரல்கள். ஓரத்தில் சேறு பிதுங்கி அப்படியே கல்லாகியிருந்தது. எந்த ஆயுதமும் படவில்லை. உள்ளங்கையை வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது.

"அண்ணே, அங்க ஏதாச்சும் கெடக்கா?" டிரைவர் கூப்பிட்டார். அவர் பாறையைவிட்டு இறங்கி வருவது தெரிந்தது.

மண்ணை இழுத்து மூடி, மேலே காய்ந்த முள் ஒன்றைப் போட்டேன்.

"ஒண்ணுமில்ல தம்பி. ஒண்ணுக்குப் போனேன்."

அவர் அப்படியே திரும்பிவிட்டார்.

பெரம்பலூர் பஸ்ஸில் மல்லிகா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். ரேகையெல்லாம் மண். "பாத்துட்டீங்கல்ல?" என்றாள் மெதுவாக. தலையாட்டினேன். "யாருகிட்டயும் வாயத் தொறக்காதீங்க."

அது எனக்குக் கஷ்டமில்லை. அதனால்தான், படிக்கிறவர்களே, அரியலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வழி எழுதியிருக்கிறேன். அதற்குமேல் ஆட்டோ எந்தப் பக்கம் திரும்பியது என்று கேட்காதீர்கள். உங்களிடமும் போன் இருக்கிறது.