பற்றவைத்துக் கொடுத்தவள்

அக்கா சுருட்டுக் குடிப்பாள் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. அத்தானுக்குப் பற்றவைத்துக் கொடுப்பாள் என்றுதான் சொல்வோம். உருத்திரபுரத்தில் அப்போது பல வீடுகளில் அப்படித்தான். புருஷன் முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு குசினிப் பக்கம் குரல் கொடுப்பான். பெண்சாதி அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை இழுத்து, சுருட்டைத் தன் வாயில் வைத்து, நெருப்பு நன்றாகப் பிடிக்கும்வரை நாலு இழுவை இழுத்து, கொண்டுபோய் நீட்டுவாள். நெருப்புக் குச்சியை வீணாக்காத பெண் என்று அதற்கு நல்ல பெயரும் கிடைக்கும்.

நாலு இழுவை எப்போது நாற்பதாகியது என்று எனக்குத் தெரியாது. நான் ஆசிரியனாக மாற்றலாகி அங்கே வந்து அவர்கள் வீட்டில் தங்கியபோது, அத்தான் கைக்கு வரும் சுருட்டு பாதிதான் இருக்கும். அவர் அதை ஒருமுறை திருப்பிப் பார்ப்பார்.

"விறகு ஈரம் போல. பத்த நேரமெடுத்திட்டுது என்ன?"

"ஓம், ஈரம்தான்" என்பாள் அக்கா, புகை போன மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு.

வைகாசி வெயிலில் விறகு ஈரமாம். நான் கொப்பி திருத்துகிற சாட்டில் தலையைக் குனிந்து சிரிப்பேன்.

இருமல்தான் சிரிக்கிற விஷயமாக இருக்கவில்லை. காலையில் கிணற்றடியில் குனிந்தாள் என்றால் நிமிர்வதற்குப் பத்து நிமிடமாகும். வாளிக் கயிற்றைப் பிடித்தபடி நிற்பாள், கண்ணில் தண்ணீர் ஓடும். எனக்குப் பயமாக இருந்தது, உண்மையைச் சொன்னால் மிகவும் பயமாக இருந்தது. ஆனால் விடு என்று எப்படிச் சொல்வது? குடிக்கிறாள் என்று முதலில் யாராவது ஒப்புக்கொள்ள வேண்டுமே! பல்லுப் போன கிழவிகள் வேலியோரம் குந்தியிருந்து புகைத்தால் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். முப்பத்தைந்து வயதுக்காரி, அதுவும் வாத்தியாரின் தமக்கை குடித்தால் அது வேறு கதை. அக்காவும் அத்தானும் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். புதிய இடத்தில் மானத்தைப் பயிரைவிடக் கவனமாகப் பார்த்துக்கொண்டோம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம், சிறுபோக நெல் வெட்டு முடிந்த கையோடு, சுகாதாரப் படம் காட்டும் வண்டி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. முன்பு காட்டியதெல்லாம் மலேரியா நுளம்பும் மலகூடமும். இந்தமுறை புகைத்தலைப் பற்றிய படம் என்றார் வண்டியோடு வந்த உத்தியோகத்தர். படம் ஆங்கிலத்தில் பேசும், நான் ஒலிவாங்கியைப் பிடித்துத் தமிழில் சொல்ல வேண்டும். எனக்கு அது பெரிய புளுகம், தலைகால் தெரியாத சந்தோஷம். பின்னேரமே சவரம் எடுத்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன்.

பொழுதுபட வெள்ளைச் சீலையைக் கட்டினார்கள். ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பாய் விரித்துப் பெண்கள். படத்தில் கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரன் வந்தான். எழும்பினால் சிகரெட், சாப்பிட்டால் சிகரெட், பெண்சாதியோடு சண்டை பிடித்தால் சிகரெட். பிறகு நெஞ்சைப் பிளந்து காட்டுவதுபோல ஒரு சித்திரம். வெள்ளையாக இருந்த சுவாசப்பை மெல்ல மெல்லக் கறுத்தது. கடைசியில் வெள்ளைக்காரன் கட்டிலில் படுத்திருந்தான், அவன் பெண்சாதி பக்கத்தில் இருந்து அழுதாள். அவள் படம் முழுக்க ஒரு இழுவைகூட இழுக்கவில்லை.

"வாத்தியார், அது சிகரெட்டெல்லோ! எங்கட சுருட்டுக்கு என்ன?" என்று ஒருவர் எழும்பிக் கேட்டார்.

உத்தியோகத்தர் சொன்னதை நான் ஒலிவாங்கியில் சொன்னேன். "எல்லாப் புகையும் ஒண்டுதான்."

அப்போதுதான் அத்தான் எழும்பினார். எங்கள் அத்தான் கூட்டத்தில் வாய் திறக்காத மனுசன். மடியிலிருந்த சுருட்டுக் கட்டை எடுத்து இரண்டாக முறித்து மண்ணில் போட்டார்.

"இண்டையோட சரி. இனி நான் இதைத் தொடமாட்டன்."

கைதட்டல் வானத்தைப் பிளந்தது. உத்தியோகத்தர் ஓடிவந்து அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் மொழிபெயர்ப்பால் ஒரு மனிதன் திருந்திவிட்டான் என்று நான் மண்ணில் கால் படாமல் நின்றேன். பெண்கள் பக்கம் நான் பார்க்கவேயில்லை.

அடுத்தநாள் காலை அக்கா தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"தம்பி, பொம்பிளையளுக்கு அது என்ன செய்யும் எண்டு படத்தில காட்டேல்லை என்ன?"

"காட்டேல்லை."

"அப்ப அவையளுக்கு ஒண்டும் செய்யாதாக்கும்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஆருக்கெண்டாலும் ஒண்டுதான் அக்கா, விட்டிடுங்கோ. இவ்வளவுதான். முந்தின நாள் ஊருக்கே ஒலிவாங்கியில் முழங்கியவனுக்கு, குசினிக்குள் தன் சொந்தத் தமக்கையிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. "எனக்குத் தெரியாது, படத்தில இருந்ததைத்தான் நான் சொன்னனான்" என்று கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். கோழை!

அத்தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். முற்றத்தில் இருந்து குரல் வருவது நின்றது. குரல் வராவிட்டால் அக்காவுக்குச் சுருட்டைக் கையில் எடுக்கச் சாட்டும் இல்லை. மூன்றாம் நாள் சோறு அடிப்பிடித்தது. நாலாம் நாள் கன்றுக்குட்டிக்கு அகப்பைக்காம்பால் அடித்தாள், பிறகு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு திரிந்தாள். கேட்டால் தலையிடி என்பாள். ஒரு கிழமைக்குப் பிறகு, பள்ளிக்கூடத்தால் வந்த என்னை வழியிலேயே மறித்தாள்.

"தம்பி, வாத்திமாருக்குத் தொண்டை முக்கியமெல்லோ. நீ ஒரு சுருட்டுப் பழகினால் என்ன? சளி அண்டாது. நான் பத்தவைச்சுத் தாறன்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது கோபமாகிவிட்டது.

"உங்களுக்கென்ன விசரோ அக்கா? படம் பாத்தனீங்கள்தானே?"

அக்காவின் முகம் செத்துப்போயிற்று. போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

அந்த இரண்டாம் நாள் பின்னேரம் அத்தான் வயலால் வந்து, காலைக் கழுவி, கதிரையை முற்றத்தில் போட்டார். அயல் வேலிக்கும் கேட்கும்படி கூப்பிட்டார்.

"இஞ்சாரும், ஒண்டு பத்தவைச்சுக்கொண்டு வாரும்!"

நான் திடுக்கிட்டு வெளியே வந்தேன். "வெக்கமில்லையோ அத்தான்? அத்தனை சனத்துக்கு முன்னால சத்தியம் பண்ணிப்போட்டு!"

"என்ன செய்யிறது தம்பி. மனம் கேக்கேல்லை."

ஊர் அவரை விடுமா? வாய்க்காலடியில், கடையடியில், கூட்டுறவுச் சங்க வாசலில், கண்ட இடமெல்லாம் நக்கல். "கைதட்டினதைத் திருப்பித் தாருமன்" என்றான் ஒருவன். அடுத்தமுறை படவண்டி வந்தபோது அதே உத்தியோகத்தர் அவரைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தான் எல்லாவற்றுக்கும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அவரைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. அதை மறைக்கவும் இல்லை, நாலு பேருக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறேன்.

எனக்கு உண்மை பிடிபட ஏழெட்டு மாதமாயிற்று. ஒருநாள் அவரோடு முற்றத்தில் கதைத்துக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன், அவர் கையிலிருந்த சுருட்டு எப்போதோ அணைந்துவிட்டிருந்தது. அன்று முழுக்க அதை அவர் வாயில் வைக்கவில்லை. அடுத்தநாளும் பார்த்தேன், அதற்கு அடுத்தநாளும். வாங்குவார், விரலிடுக்கில் வைத்திருப்பார், அணைந்ததும் வேலிக்கு அப்பால் எறிவார்.

"நீங்கள் குடிக்கிறேல்லையே அத்தான்?"

அவர் குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அவா அந்தரப்படுறதைப் பாத்துக்கொண்டு எனக்கு நல்லபேர் எடுக்கேலாது. உதை நீர் ஒருத்தரிட்டையும் கதையாதையும்."

நான் ஒருவரிடமும் கதைக்கவில்லை. அவர் செய்தது சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. அவள் மானத்தைக் காப்பாற்றினார், அதே கையால் அவளுக்குப் புகையையும் கொடுத்தார். அவர் பாவி என்றால் நான் மகா பாவி. அவராவது ஏதோ செய்தார்.

சில வருடங்களில் அக்காவின் குரல் கரகரத்து, பிறகு தேய்ந்து, கடைசியில் காற்றாக வரத் தொடங்கியது. கிராமத்து வைத்தியம் எல்லாம் பார்த்து முடித்து, அத்தானும் நானுமாக அவளை பஸ்ஸில் வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் இளம் மனிதர், தமிழர். தொண்டைக்குள் சின்னக் கண்ணாடியை விட்டு நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்.

"வீட்டில ஆர் சுருட்டுக் குடிக்கிறது?"

"நான்தான் ஐயா" என்றார் அத்தான். "கன காலமாக் குடிக்கிறன்."

"நான் கேக்கிறது இவாவை. இவா குடிக்கிறவாவோ?"

"இல்லை" என்றார் அத்தான்.

"இல்லை" என்றேன் நானும்.

டொக்டர் பேனையை எடுத்தார். அக்கா கையை நீட்டி அவருடைய மேசையின் விளிம்பைப் பிடித்தாள். அவளிடம் அப்போது கொஞ்சக் குரல்தான் மிச்சம் இருந்தது. அதற்காக மூச்சைச் சேர்த்து எடுத்தாள்.

"நான்தான் ஐயா குடிக்கிறனான். படம் காட்டின அண்டைக்கே இவர் விட்டிட்டார்."