சித்தப்பா பின்னிய சிவப்புத் தொப்பி

எங்கள் சித்தப்பா பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தபோது வலது காலில் விரல்கள் இல்லை. சட்டைப் பையில் நுனி வளைந்த ஒரு குரோஷா ஊசி இருந்தது. விரல்களை வடக்கே மலைப் பனி தின்றுவிட்டதாகச் சொன்னார். எங்கள் செஞ்சியில் பனி என்றால் மார்கழிக் காலையில் ராஜகிரி மலை உச்சியை மறைக்கிற வெள்ளைப் புகைதான். அது யாருடைய விரலையும் தின்று நாங்கள் பார்த்ததில்லை. ஊசியை ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா கொடுத்துப் பின்னக் கற்றுத் தந்ததாகவும் சொன்னார். அதை மட்டும் நான் உடனே நம்பினேன். எனக்கு அப்போது எட்டு வயது. எதை நம்ப வேண்டும், எதை நம்பக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தால் சிவப்பும் நீலமும் பச்சையுமாகக் கம்பளி நூல் உருண்டைகள். எங்கள் கடைத்தெருவில் வெள்ளை நூல்கண்டு தவிர வேறெதுவும் கிடைக்காது. அம்மாகூட ஒரு உருண்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அந்தச் சந்தோஷமெல்லாம் சித்தப்பா ஊசியை எடுத்துப் பின்ன உட்காரும் வரைதான்.

கிறிஸ்துமஸுக்குள் வீட்டில் எல்லோருக்கும் ஒன்று என்று அவர் அறிவித்துவிட்டார். விடியற்காலையில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மண்டிக்குப் போகும் நைனாவுக்குப் பச்சை மஃப்ளர். குடிலில் வைக்கும் சேசு பாலனுக்கு நீலப் போர்வை. எனக்குச் சிவப்புத் தொப்பி. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கண் தெருவில் போகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்.

"தம்பி, ஆம்பள இந்த வேலைய உள்ள உக்காந்து செய்யக் கூடாதா? ரோட்ல போறவங்க இன்னா நெனப்பாங்க?" என்பாள் அம்மா.

"நெனச்சிக்கட்டும் அண்ணி. கேக்குறவங்களுக்கும் ஒண்ணு போட்டுக் குடுத்துட்டா போச்சு."

அம்மாவின் கவலை வேறு. சித்தப்பாவுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். காலைப் பற்றிக் கேள்விப்பட்டதுமே வர இருந்தவர்கள் வராமல் நின்றுபோனார்கள். கடைசியில் கோயில் உபதேசியார்தான் திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பத்துக்கு எடுத்துச் சொல்லி, கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையைப் பார்க்க வரச் செய்தார். காலை மறைக்க வழியில்லை, ஊசியையாவது மறைக்கலாம் என்று அம்மா முடிவு செய்தாள். நூல் உருண்டைகளும் ஊசியும் நெல் குதிருக்குள் போயின. எனக்கும் உத்தரவு வந்தது.

"தலையில தொப்பி இருக்கக் கூடாது. வாயத் தொறக்கவே கூடாது."

எனக்கு இந்த ஏற்பாட்டில் சம்மதமில்லை. எங்கள் தெருவில் வேறு எந்தப் பெண்ணின் சித்தப்பாவுக்கும் தெரியாத வித்தையை ஒளித்து வைத்துவிட்டு மாப்பிள்ளை காட்டுவது எந்த ஊர் நியாயம்? எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு கூடத்துக்குள் போய் நின்றேன்.

பெண்ணின் அப்பா பெஞ்சில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெண்ணின் அம்மா. அந்த அம்மாள்தான் கேட்டாள்.

"இன்னா பாப்பா, வெயில்ல கம்பளித் தொப்பி?"

"எங்க சித்தப்பா பின்னுனது. நைனாவுக்கு மஃப்ளர்கூடப் பின்னியிருக்காரு. மிச்ச நூலெல்லாம் குதிர்ல இருக்குது. எடுத்தாந்து காட்டட்டா?"

அம்மா டம்ளரும் கையுமாக நின்றுவிட்டாள். உபதேசியார் கூரையைப் பார்த்தார்.

"நீங்களா பின்னுறீங்க?" என்றார் பெண்ணின் அப்பா.

"ஆமாங்க," என்றார் சித்தப்பா. கான்வாஸ் ஷூவைக் கழற்றினார். முன்பக்கம் தொளதொளக்காமல் இருக்க உள்ளே திணித்திருந்த கம்பளி நூலை எடுத்துவிட்டுக் காலை நீட்டிக் காட்டினார். "இதான் காலு. படுக்கையில கெடந்தப்ப கை சும்மா இருந்தா கண்ணு இதையேதான் பாத்துக்கினு இருக்கும். அதுக்குன்னு கத்துக்கினேன். இப்ப புடிச்சிப்போய் பின்னுறேன்."

எல்லோர் கண்ணும் அந்தக் காலிலேயே இருந்தது. பேச்சு என் கையில் இருப்பதாக எனக்குத் தோன்றியது. தொப்பியைக் கழற்றிப் பெண்ணின் அம்மாவிடம் நீட்டினேன்.

"பொண்ணுகிட்ட குடுங்க. பாத்தா அவங்களுக்கே தெரிஞ்சிடும்."

அந்த அம்மாள் தொப்பியை உட்புறமாகத் திருப்பி முடிச்சுகளைப் பார்த்தாள். அதைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

அம்மா என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. சித்தப்பா குதிரிலிருந்து நூலை எடுத்து, ஒட்டியிருந்த நெல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பிறகு வாசலில் உட்கார்ந்து ஊசியைக் கையில் வைத்திருந்தாரே தவிர ஒரு கண்ணிகூடப் போடவில்லை. தெருவில் போனவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை. அடுத்த நாளும் அப்படித்தான். அவருக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காலையில் உபதேசியார் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் என் தொப்பி. ஆசையாக எடுத்துத் தலையில் மாட்டினேன். கண், மூக்கு எல்லாம் மூடி வாய்வரை இறங்கிவிட்டது. கழற்றிப் பார்த்தேன். பாதிவரை பிரித்து, அகலமாக்கித் திரும்பப் பின்னியிருந்தார்கள். சிவப்பு நூல் போதாமல் விளிம்பைச் சுற்றி வெள்ளை நூலில் பூ வைத்து முடித்திருந்தது.

"பொண்ணு கான்வென்ட்ல லேஸ் பின்னக் கத்துக்கினது," என்றார் உபதேசியார். "செவப்பு நூலு எங்கயும் கெடைக்கலியாம். வேற ஒண்ணும் சொல்லல. மாப்ளகிட்ட குடுத்துடுங்கன்னு மட்டும் சொல்லுச்சாம்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதே முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். நைனா உபதேசியாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சித்தப்பா தொப்பியை வாங்கித் தலையில் வைத்தார். அளவெடுத்ததுபோல் பொருந்தியது. அதைக் கழற்றாமலே ஊசியையும் பச்சை நூலையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அத்தனை பேருக்கும் புத்தி பிசகிவிட்டது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நல்ல எண்ணத்தில் கொடுத்த ஒரு பொருளைப் பிரித்துக் கெடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், இவர்கள் சிரிக்கிறார்கள். வாசலுக்குப் போய்ச் சித்தப்பாவின் பக்கத்தில் நின்றேன்.

"தொப்பிய நீயே வச்சிக்கோ சித்தப்பா. ஆனா இந்தப் பொண்ணு வேணாம். கொழந்த தல எவ்ளோ இருக்கும்னுகூடத் தெரியல."

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். பாவம், துக்கத்தில் சிரிக்கிறார் என்று நினைத்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

அன்று மாலை குடிலின் முன்னால் மண்டியிட்டு, சித்தப்பாவுக்கு வேறு நல்ல பெண்ணாகப் பார்த்துக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டேன். பின்னத் தெரியாதவளாக இருந்தாலும் பரவாயில்லை, பிறத்தியார் பொருளைக் கெடுக்காதவளாக இருந்தால் போதும் என்றும் விளக்கமாகச் சொல்லிவைத்தேன். நான் கேட்டுக் கிடைக்காமல் போனது அந்த வருடம் அது ஒன்றுதான்.