ஆணியில் தொங்கிய வாஷர்

ஊரில் அவருக்கு ஸ்கேல்காரர் என்றுதான் பெயர். பழைய மோட்டார் சைக்கிள் எதைத் திறந்தாலும், சட்டைப் பைக்கு வெளியே பாதி நீட்டிக்கொண்டிருக்கும் எஃகு ஸ்கேலை உருவி வைத்துப் பார்க்காமல் மூடமாட்டார். மயிரிழை கோணல் இருந்தாலும் மறுபடி கழற்றுவார். அன்றைக்கு வண்டி கிடைக்காது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். "மச்சானுக்கு வண்டி பார்க்கத் தெரியுதோ இல்லையோ, நல்லா கோடு போடத் தெரியுது" என்று கேலி செய்வார் தங்கை புருஷன். வாயைத் திறந்தால் நாலு பேரைச் சிரிக்க வைக்காமல் மூடாத மனுஷன். மூன்று மாதத்துக்கு முன் செத்துப்போனார்.

செத்தது, இதோ இந்தப் பட்டறையில் நிற்கிற வண்டியில்தான். இறக்கத்தில் வளைவு திரும்பும்போது தூக்கி எறியப்பட்டார். பின்சக்கரம் இழுத்த கறுப்புத் தடம் ரோட்டில் நாற்பது அடிக்குக் கிடந்தது. அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு வேகம்தான் காரணம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஸ்கேல்காரர் மட்டும் சும்மா இருந்தாரா? துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், தலைபாடாக அடித்துக்கொண்டேன், கேட்டால்தானே என்று அவரேதான் சொல்லித் தீர்த்தார்.

தங்கை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. புருஷன்மேல் அவளுக்கு அவ்வளவு ஆத்திரம். எழுந்தால் திட்டு, உட்கார்ந்தால் திட்டு. வண்டி கண்ணில் படவே கூடாது, ஓடுகிற மாதிரி ஆக்கி எவனுக்காவது தள்ளிவிடு என்று அண்ணனிடம் சொல்லிவிட்டாள். இத்தனைக்கும் நடுவில், தினமும் மதியம் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுவர மட்டும் மறக்கமாட்டாள். அவருக்கென்று உலகத்தில் இருந்ததும் அவள் ஒருத்திதான்.

இன்று காலையில்தான் கிளட்ச் பக்கத்து மூடியைத் திறந்தார். என்ஜினையும் கிளட்ச்சையும் இணைக்கிற செயின் அறுந்து, கிளட்ச் டிரம்முக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவில் சுருண்டு இறுகிக் கிடந்தது. விழுந்த அடியில் அறுந்திருக்கும் என்று நினைத்தபடி பிடுங்கி எடுத்தார். எல்லாவற்றையும் கழுவித் துடைத்தார். என்ஜின் பல்சக்கரம், புதுச் செயின், கிளட்ச் டிரம் மூன்றையும் ஒன்றாகப் பிடித்து இரண்டு தண்டிலும் ஏற்றி, ஸ்கேலை வைத்தார்.

டிரம் பக்கம் ஒட்டி நின்ற ஸ்கேல், என்ஜின் பக்கம் ஒரு நகத்தின் கனத்துக்கு விலகி நின்றது. தண்டு வளைந்துவிட்டதோ என்று சுற்றிப் பார்த்தார். வளையவில்லை. பல்சக்கரத்துக்குப் பின்னால் இருந்து அதை நேராக நிறுத்தவேண்டிய மெல்லிய வளையம், வாஷரைக் காணோம்.

அவர் எதையும் தூக்கிப் போடாதவர். பழைய பல்சக்கரங்களுக்கென்றே சுவரில் ஓர் ஆணி. இந்த வண்டியில் தேய்ந்துபோயிருந்ததை மாற்றியது அவர்தான், விபத்துக்கு நான்கு வாரம் முன்பு. அந்தப் பழையதை ஆணியிலிருந்து எடுத்துத் திருப்பினார். முதுகில், காய்ந்த எண்ணெய்ப் பிசினில் அப்பிக்கொண்டு, அந்த வாஷர் இருந்தது.

அறுந்த செயினை வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பக்கத்துத் தகடுகள் மட்டும் அரைபட்டுப் பளபளத்தன. கோணலாகவே ஓடி ஓடி அறுந்திருக்கிறது. அறுந்தது டிரம்மில் சிக்கிப் பின்சக்கரத்தைப் பூட்டியிருக்கிறது. வேகமாவது மண்ணாங்கட்டியாவது! அந்த நாற்பது அடியும் பூட்டிய சக்கரம் போட்ட கோடு.

பல்சக்கரம் மாற்றிய அன்றைக்கு என்ன செய்தோம் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கழற்றும்போது ஸ்கேல் வைத்தார், நேராக இருந்தது. புதிதாக வந்தது அதே அளவு, அதே பல். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். முதலிலேயே பார்த்தாயிற்றே என்று, மறுபடி ஸ்கேல் வைக்காமல் இவரும் சிரித்துக்கொண்டே மூடிவிட்டார்.

பாவி, பாவி என்று தன்னையே சொல்லிக்கொண்டார். வாஷரைக் குப்பையில் எறிந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? தங்கை தங்கையாகவே இருப்பாள், சாப்பாடும் வரும். செத்தவன் திட்டு வாங்கிக்கொண்டே இருப்பான். வாஷரைத் துடைத்தார். இருக்கவேண்டிய இடத்தில் போட்டு, பல்சக்கரத்தையும் டிரம்மையும் மறுபடி ஏற்றினார். ஸ்கேல் இரண்டு பக்கமும் ஒட்டி உட்கார்ந்தது. அதற்குமேல் கை ஓடவில்லை. கிளட்ச் பிளேட்டுகள் பெஞ்சிலேயே கிடந்தன.

மதியம் தங்கை வந்து டிபன் கேரியரை வைத்தாள். வேலை இன்னுமா முடியவில்லை என்றாள்.

"உன் புருஷன் வேகமா போகலம்மா. தப்பு என்னோடது."

அவள் முகத்தைப் பார்த்தால் எங்கே நிறுத்திவிடுவோமோ என்று, செயினைப் பார்த்துக்கொண்டே முழுக்கச் சொன்னார். வாஷரை எடுத்துவிட்டு ஒரு தடவை, போட்டு ஒரு தடவை, ஸ்கேல் வைத்தும் காட்டினார்.

அவள் அறுந்த செயினை வாங்கிப் பார்த்தாள்.

"கிளம்புறப்ப சண்டைண்ணே. மெதுவா போங்கன்னு கத்துனேன். சரி தாயே, மெதுவாவே போறேன்னு கும்பிடு போட்டுட்டுப் போனாரு," என்றாள். "மெதுவாத்தான் போயிருக்காரு."

பெஞ்சிலிருந்த ஸ்கேலைக் கையில் எடுத்தாள்.

"அன்னிக்கு இது எங்க இருந்துச்சு?"

"பையிலதாம்மா."

அதை அவளே அவருடைய சட்டைப் பையில் செருகினாள். பிறகு எண்ணெய் படிந்த தரையில், வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று மாதத்தில் முதல் தடவையாக அழுதாள். மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க என்று புருஷனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதாள். எட்டித் தொடுகிற தூரத்தில் நின்ற அண்ணனை அவள் கூப்பிடவில்லை.