பிரேக் வாத்தியார் பஸ் எடுத்த கதை

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதருக்கு, ஒரு நாள்கூட நிம்மதியாக உட்கார்ந்து கார் ஓட்டக் கொடுத்துவைக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அதுதான் நடந்தது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் ஸ்டியரிங் மாணவன் கையில் இருக்கும். பக்கத்து சீட்டில் உட்காரும் வாத்தியாரின் காலடியில் தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக், அவ்வளவுதான். ஆக்ஸிலரேட்டர் கிடையாது. வாத்தியார் நினைத்தால் வண்டியை நிறுத்தலாம், கிளப்ப முடியாது. காலையில் முதல் ஆள் ஏறியதிலிருந்து சாயங்காலம் கடைசி ஆள் இறங்கும்வரை யாராவது ஒரு கற்றுக்குட்டி ஓட்ட, நம் ஆள் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடிவிட்டது.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பிரேக் வாத்தியார். எதிரே லாரி வந்தால் பிரேக். லாரி வரும் என்று தோன்றினால் பிரேக். தெருவோரம் ஒரு நாய் எழுந்து சோம்பல் முறித்தாலும் பிரேக். அதில் தப்பு சொல்லவும் முடியாது. அத்தனை வருஷத்தில் அந்த வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

ஆனால் அவர் ஆசைப்பட்டது பஸ்ஸுக்கு. பள்ளிக்கூடம் போகிற நாளிலேயே, சீட் காலியாக இருந்தாலும் உட்காராமல் டிரைவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். அவ்வளவு பெரிய ஸ்டியரிங்கை ஒரு மனிதர் அனாயாசமாகச் சுற்றுவதையும், அவரை நம்பிப் பின்னால் ஒரு பஸ் நிறையப் பேர் தூங்கி வழிவதையும் மாறி மாறிப் பார்ப்பார். கல்யாணம் ஆன புதிதில் கனரக வண்டி லைசென்ஸும் எடுத்துவிட்டார். அந்தச் சமயத்தில் பஸ் கம்பெனியில் ஆள் எடுக்கவில்லை. மனைவியின் அண்ணன் அப்போதுதான் டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்திருந்தார். ஒரு ஆறு மாசம் கூடமாட இருங்க மாப்ள, அதுக்குள்ள பஸ் வேலை வந்துரும் என்றார். தற்காலிகம் என்று சொல்லி உட்காருகிற சீட்தான் கடைசிவரை ஆளை விடாது என்பது அன்றைக்கு இரண்டு பேருக்கும் தெரியாது. லைசென்ஸை மட்டும் அவர் தவறாமல் புதுப்பித்துக்கொண்டே வந்தார்.

ஒரு நாள் மாணவன் ஓட்ட, முன்னால் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. அதன் முதுகில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள்: டிரைவர்கள் தேவை, வயது ஐம்பதுக்குள். வாத்தியார் அதைப் படிப்பதற்காகவே பிரேக் அடித்தார். பின்னால் வந்தவன் திட்டினான். அவர் காதில் விழவில்லை. அவருக்கு அப்போது நாற்பத்தொன்பது முடியப்போகிறது.

வீட்டில் சொன்னபோது மனைவி தையல் மெஷினை நிறுத்தவில்லை. அவள் பள்ளிச் சீருடை தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். துணி ஓரம் முடிந்த பிறகுதான் நிமிர்ந்து, போய்த்தான் பாருங்களேன், இத்தனை வருஷம் தூக்கத்தில் எல்லாம் பஸ் ஓட்டியாகிவிட்டது, முழித்துக்கொண்டும் ஒரு தடவை ஓட்டிவிடுங்கள் என்றாள். மச்சானிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. கோபப்படவில்லை. தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"ஆசை யாரை விட்டுச்சு மாப்ள. போயிட்டு வாங்க. உங்க சீட்ட காலியாவே வச்சிருக்கேன்."

அந்தக் கடைசி வார்த்தை வாத்தியாருக்குச் சுருக்கென்று தைத்தது. போகிறவனை வழியனுப்பும்போதே திரும்பி வருவான் என்று பாய் விரித்து வைப்பதா?

டெப்போவில் முதல் நாளே பேர் ரிப்பேர் ஆனது. பஸ்ஸை முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டச் சொல்லிச் சாவியைக் கொடுத்தார்கள். வாத்தியார் கெத்தாக ஏறினார். டிரைவர் சீட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் இருந்த ஒற்றை சீட்டில் போய் உட்கார்ந்தார், பெல்ட்டை மாட்டினார், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது வந்து வண்டியை எடுப்பார்கள் என்று காத்திருந்தார். பழக்கதோஷம். கீழே நின்ற மெக்கானிக்குகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர் வரும்போதெல்லாம், அண்ணே, உங்க சீட் அந்தப் பக்கம் என்று எவனாவது கை காட்டாமல் இருக்கமாட்டான்.

அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். எழுத்துத் தேர்வில் தேறினார். முற்றத்தில் ரிவர்ஸ் எடுப்பதிலும் தேறினார். மிச்சம் இருந்தது கம்பி டெஸ்ட்.

கம்பி டெஸ்ட் அந்த டெப்போவின் வழக்கம். வேலையை நிரந்தரம் செய்வதற்கு முன்னால், பஸ்ஸை ஊருக்குள் முழு ரூட்டும் ஓட்டிக்காட்ட வேண்டும். டெஸ்ட் எடுக்கிறவர் நடுவில், பயணி நிற்கிற இடத்தில், கம்பியைப் பிடிக்காமல் நிற்பார். டிரைவர் ஒழுங்காக ஓட்டினால் அவருக்குக் கம்பி தேவைப்படாது. கை கம்பிக்குப் போய்க்கொண்டே இருந்தால் டிரைவர் வீட்டுக்குப் போகலாம். இரண்டு வாய்ப்புதான், மூன்றாவது கிடையாது.

டெஸ்ட் எடுப்பவர் ஒரு பெண். டிரைவர்கள் அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள், அதுவும் சற்றுத் தள்ளி நின்று. வாத்தியார் அவரைப் பார்த்ததும் எங்கோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று யோசித்தார். அவர் வாத்தியாரைப் பார்த்ததும், வணக்கம் சார் என்றார். அந்த மேடம் வாயிலிருந்து சார் என்ற வார்த்தையை டெப்போ அதற்குமுன் கேட்டதில்லை. அப்போதுதான் வாத்தியாருக்கு ஞாபகம் வந்தது. பழைய மாணவி. லைசென்ஸ் டெஸ்ட்டில் இரண்டு தடவை தோற்றுப்போய், அப்புறம் வேறு ஸ்கூலுக்குப் போய்விட்டவர். வாத்தியாருக்கு வேர்த்துவிட்டது. பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்வாரோ என்று பயந்தார்.

அப்படி எதுவும் நடக்கவில்லை. வாத்தியார் தானாகவே கெடுத்துக்கொண்டார். ஆட்டோ குறுக்கே வரலாம் என்று நினைத்து பிரேக் அடித்தார். ஒருவர் நடைபாதையிலிருந்து இறங்கலாம் என்று பிரேக் அடித்தார். சிக்னல் பச்சையில் இருந்தது, ஆனால் மாறிவிட்டால்? அதற்கும் ஒரு பிரேக். மேடத்தின் கை கம்பிக்கும் சீட் முதுகுக்கும் மாறி மாறிப் பாய்ந்தது. கடைசியில் அவர் தோள் போய்க் கம்பியில் இடித்தது. டெப்போவுக்குத் திரும்பிய பிறகு வாத்தியார் என்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மேடம் எதிர்ப்பக்கத்து ஒற்றை சீட்டில் வந்து உட்கார்ந்தார்.

"சார், நான் ஏன் ரெண்டு தடவை ஃபெயில் ஆனேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

காலில் பிடிமானம் இல்லை என்று அப்போது நினைத்ததாக வாத்தியார் தயங்கிச் சொன்னார்.

"பிடிமானம் இருந்துச்சு சார். உங்க கால்ல இருந்துச்சு. நான் பிரேக் போடறதுக்குள்ள நீங்க போட்டுருவீங்க. டெஸ்ட் அன்னிக்கு நீங்க பக்கத்துல இல்ல. உங்க கால் வரும் வரும்னு காத்துட்டே இருந்தேன். வரல."

அவர் சொன்னதில் கோபம் இல்லை. அதனால்தான் வாத்தியாருக்கு அதிகமாக வலித்தது. கீறல் விழாத வண்டி என்று இத்தனை வருஷம் மார் தட்டிக்கொண்டது இதற்குத்தானா என்று நினைத்தார். மேடம் ஒரு வாரம் டைம் கொடுத்தார். அந்த ஒரு வாரமும் நீங்கள் ஓட்டவேண்டாம், வேறு யாராவது ஓட்டுகிற வண்டியில் பக்கத்தில் உட்காருங்கள், தரையை மிதிக்காமல் உட்காரப் பழகுங்கள் என்றார். தன் தோளைத் தேய்த்துக்கொண்டே இறங்கிப் போனார்.

வேறு யார் இருக்கிறார்கள்? மனைவிதான். சீருடை மூட்டைகளைக் கடைகளில் இறக்க அவளிடம் ஒரு சின்ன வேன் இருந்தது. ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் பெண்டாட்டி, வேறு ஸ்கூலில் காசு கட்டிக் கற்றுக்கொண்டாள் என்பது குடும்பத்தில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிற விஷயம். ஆரம்பத்தில் ஒரே ஒரு நாள் அவரிடம் பாடம் கேட்டாள். தெருமுனை திரும்புவதற்குள் அவர் அடித்த பிரேக்கில் வண்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டாள். உங்க கால் என்னை நம்பாத வரைக்கும் உங்க பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டமாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னதுதான், இன்றுவரை அவர் அவள் வேனில் ஏறியதில்லை.

இப்போது அவராகவே போய்க் கேட்டார். டெஸ்ட்டில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை, வேன் சாவியை எடுத்துக்கொண்டு வாங்க என்றாள்.

முதல் தெருவிலேயே அவர் கால் தரையை ஓங்கி மிதித்தது.

"ஏங்க, அங்க பிரேக் இல்ல. தரைதான் இருக்கு."

அடுத்த தெருவிலும் மிதித்தார். அதற்கடுத்த தெருவில் அவள் வண்டியை ஓரம் கட்டி, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மேலே தூக்கிச் சம்மணம் போட்டு உட்காரச் சொன்னாள். வயசான மனிதன் வேன் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். சாமியார் ஊர்வலம் போகிறார் என்று நினைப்பார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும் என்றாள். அந்த வாரம் முழுக்க அவர் அப்படித்தான் போனார், பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, மடியில் சீருடை மூட்டையோடு. முதலில் கால்விரல்கள் துடித்துக்கொண்டே இருந்தன. போகப் போக வேறு வழியில்லாமல் கண்ணால் பார்க்க ஆரம்பித்தார். சைக்கிள்காரன் திரும்பப் போகிறானா, சும்மா தலையைத் திருப்புகிறானா என்பது கவனித்துப் பார்த்தால் தெரிந்தது. மனைவி எங்கே வேகத்தைக் குறைக்கிறாள், எங்கே குறைக்காமல் போகிறாள் என்பதும் தெரிந்தது. இவள் இவ்வளவு நன்றாக ஓட்டுகிறாளே என்று ஒரு நாள் ஆச்சரியப்பட்டார். வாய்விட்டுச் சொல்லவும் செய்தார். இத்தனை வருஷம் கழித்தாவது கண் தெரிந்ததே என்று சொல்லிவிட்டு அவள் கியரை மாற்றினாள்.

இரண்டாவது டெஸ்ட் அன்றைக்கு வாத்தியாருக்குக் காலை ஆகாரம் இறங்கவில்லை. இதிலும் தோற்றால் மச்சானின் காலி சீட்தான். அதில் போய் உட்கார்ந்தால் இனி ஆயுசுக்கும் எழுந்திருக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். பஸ்ஸில் ஏறி, சரியான சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியைத் திருத்திவைத்தார். மேடம் நடுவில் வந்து நின்றார். போன தடவை கையைக் கம்பிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தவர், இந்தத் தடவை இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டார். கம்பியைவிட்டு ஒரு எட்டுத் தள்ளியும் நின்றார். வாத்தியார் கண்ணாடியில் பார்த்துப் பதறிப்போய், போன தடவை தோளில் பட்டது போதாதா, கம்பிக்குப் பக்கத்தில் நில்லுங்கள் என்றார்.

"விழுந்தா நான் விழுந்துட்டுப் போறேன் சார். நீங்க வண்டிய எடுங்க."

வாத்தியார் சாவியைத் திருகினார். எத்தனை பேருக்குப் பாடம் நடத்தியிருப்பார்! ஒருவரிடமும் அவர் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியமும் வந்ததில்லை, காலுக்கடியில்தான் எப்போதும் ஒரு பிரேக் இருந்ததே. பின்னால் நிற்கும் மேடத்திடம் அதுகூட இல்லை. அவர் முதல் கியரைப் போட்டு பஸ்ஸை எடுத்தார்.

மார்க்கெட் வளைவில் ஒரு மோட்டார் சைக்கிள் சந்திலிருந்து மூக்கை நீட்டியது. வாத்தியாரின் கால் அசைந்தது. ஆனால் அவர் ஆளைப் பார்த்தார். ஓட்டுகிறவன் ஒரு காலைத் தரையில் ஊன்றியிருந்தான், பஸ் போகட்டும் என்று காத்திருந்தான். வாத்தியார் கால் இருந்த இடத்திலேயே இருக்க, பஸ் அவனைக் கடந்து போனது. கொஞ்ச தூரத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் ரோட்டில் கால் வைத்தாள். அங்கே அவர் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, பால் பாத்திரத்தை இறக்கிவைப்பதுபோல வண்டியை நிறுத்தினார். கண்ணாடியில் பார்த்தார். கட்டிய கை கட்டியபடியே இருந்தது. ரூட் முடிந்து டெப்போவுக்குள் நுழையும்வரை அந்தக் கை அவிழவில்லை.

மேடம் இறங்கும்போது ஒரே வார்த்தைதான் சொன்னார்: நாளைக்கு டியூட்டிக்கு வந்துருங்க சார். வாத்தியார் வெளியே வந்து முதல் வேலையாக மச்சானுக்குப் போன் போட்டார். அந்தச் சீட்டுக்கு வேற ஆள் பாத்துக்குங்க மச்சான் என்றார். மச்சான் உடனே, எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்து வைங்க மாப்ள என்றார்.

மறுநாள் அவர் ரூட்டில் துணிக்கடை ஸ்டாப்பிங்கில் மனைவி ஏறினாள். வேன் என்ன ஆச்சு என்று அவர் கேட்க நினைப்பதற்குள், கையில் ஒரு சின்னப் பையோடு நேராக முன்னால் வந்தாள். பஸ்ஸில் பாதிக்கு மேல் காலி. கண்டக்டர் சீட்டைக் காட்டி உட்காருங்கம்மா என்றார். அவள் கேட்கவில்லை. சின்ன வயசில் எந்த இடத்தில் நின்று டிரைவரைப் பார்த்துக்கொண்டு வந்ததாக அவர் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிச் சொல்லி அவள் காதைப் புளிக்கவைத்தாரோ, அதே இடத்தில், அவர் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்று பையை அணைத்தபடி கையைக் கட்டிக்கொண்டாள்.

டெஸ்ட் அன்றைக்குக்கூட வாத்தியார் இவ்வளவு பயந்ததில்லை.

"கம்பியப் பிடிச்சுக்கோ" என்றார், கண்ணாடியைப் பார்க்காமல்.

"எதுக்குப் பிடிக்கணும்? நீங்கதானே ஓட்டுறீங்க."

கண்டக்டர் மணி அடித்தார். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.