மற்றும் பலர்

அன்று வந்த கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. 1970களில் கும்மிடிப்பூண்டித் தொழிலாளிகள் சிலர் சேர்ந்து, நாங்கள் இளவயசில் பார்த்த கறுப்பு வெள்ளை சினிமாப் படங்களை மைதானத்தில் திரை கட்டி மூன்று நாள் காட்டினோம். அடுத்த ஞாயிறு காலை, உழைத்தவர்களுக்கு நன்றி சொல்ல ஒரு டீக்கூட்டம். நன்றியுரை என் தலையில் விழுந்தது. வாயாடி என்று பெயரெடுத்தால் இப்படித்தான்.

விழாக்குழுச் செயலாளர் ஒரு சீட்டை நீட்டினார். உரக்கடை முதலாளி, ரைஸ்மில் முதலாளி, பஞ்சாயத்துப் பெரியவர், அவருடைய மைத்துனர் என்று ஒன்பது பெரிய புள்ளிகள். இந்த மைத்துனர் மூன்று நாளும் முன்வரிசையில் சோடா குடித்தாரே தவிர ஒரு துரும்பைக் கிள்ளிப் போடவில்லை. படப்பெட்டி சுமந்தவர்கள், திரை தைத்தவர்கள், மைதானம் பெருக்கியவர்கள் எல்லாரும் கடைசி வரியில் ‘மற்றும் பலர்’. படத்து டைட்டிலில் கூட்டத்தோடு நிற்கிறவர்களுக்குப் போடுவார்களே, அதே.

அந்தப் பலரில் ஒருவர் பழவேற்காட்டு மீனவர். எட்டு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த எங்கள் திரை, காற்றில் படகுப் பாய் மாதிரி புடைத்துக் கிளம்பியபோது, பின்னால் நின்று கயிற்றை இழுத்துப் பிடித்தவர். மூன்று நாளும் படத்தைத் திரைக்குப் பின்னாலிருந்தே பார்த்தார். அவருக்கு எல்லாக் கதாநாயகர்களும் இடதுகைக்காரர்கள். டீக்கூட்டத்தன்று மனைவியோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்.

“மைக்ல எம் பேரு வரும்ல நைனா? அதுக்குத்தான் இவளயும் இட்டுகினு வந்தேன்.”

செயலாளரிடம் போய்ப் பொங்கினேன். எல்லார் பேரையும் படித்தால் டீ ஆறிவிடும் என்றார். டீயா பெரிசு என்று கேட்பதற்குள் என்னை மைக் முன்னால் தள்ளிவிட்டார்கள்.

மைக்கைப் பார்த்ததும் என் வீரமெல்லாம் போன இடம் தெரியவில்லை. கண் நேராகக் கடைசி வரியில் விழ, “மற்றும் பலர் மேடைக்கு வரவும்” என்று கத்திவிட்டேன். புரட்சியெல்லாம் இல்லை, சுத்தமான பயம். ஒன்பது பேர் ஏறிவிட்டார்கள். இனி என்ன செய்ய? முதலாளிகளுக்கென்று வைத்திருந்த துண்டுகளை எடுத்து, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் தோளில் போட்டேன். செயலாளர் கீழிருந்து காட்டிய சைகைகளை நான் பார்க்கவேயில்லை.

மீனவரிடம் வந்ததும்தான் உறைத்தது. மூன்று நாளும் ‘மாமா, இஸ்து புடி’ என்றே கூப்பிட்டிருக்கிறேன். பெயர் தெரியாது.

வேறு வழி தோன்றாமல் கீழே நின்ற அவர் மனைவியையே கேட்டேன், அதுவும் மைக்கில்: “மாமா பேரு இன்னாக்கா?”

புருஷன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்லாத காலம். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள்ளிருந்து பதில் வந்தது.

“அத்த நான் சொல்லணுமா? மேல கூப்ட்ட உனுக்கே தெரியாதா?”

செயலாளர் மேலிருந்த கோபத்தில் பாதியை அப்போதே எனக்கென்று பிரித்து எடுத்துக்கொண்டேன். அவர் சீட்டில் எழுதாத பெயரை நான் கேட்டே வைத்துக்கொள்ளவில்லை.

மீனவர் என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். அப்பா பெயர், குப்பத்தின் பெயர், தன் பெயர், மூன்றையும் கரையிலிருந்து படகுக்குக் குரல் கொடுக்கிற மாதிரி சொன்னார். ரயில்வே ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். கீழே அக்கா வாயிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

கடைசித் துண்டு மீனவர் தோளுக்குப் போனது. மைத்துனருக்கு ஆறிப்போன டீதான்.