மாமல்லபுரம் போனது முன் சீட்டில், திரும்பியது பின் சீட்டில்

எங்கள் காருக்குப் பதினைந்து வயது முடிந்தது. அந்த வயதில் காரை மறுபடியும் ஆர்டிஓ ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டி, இன்னும் ஓடத் தகுதி இருக்கிறது என்று எழுதி வாங்க வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்து பார்த்தார், குனிந்து அடியில் பார்த்தார், ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தார். "நல்லா வச்சிருக்கீங்க சார், இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்ல" என்றார். பிள்ளை பரீட்சையில் பாஸானது போல இருந்தது எனக்கு. அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாடத்தான் கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நானும் என் மனைவி மல்லிகாவும் செங்கல்பட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் கிளம்பினோம். எனக்கு அறுபத்திரண்டு, அவளுக்கு ஐம்பத்தேழு.

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் நின்றுகொண்டிருந்தது. ராத்திரிதான் கரையைக் கடக்கும், பகலில் விட்டுவிட்டுத்தான் மழை என்று டிவியில் சொன்னார்கள். "நாளைக்கு மறுநாள் போலாமே" என்றாள் மல்லிகா. "நம்ம வண்டி இருக்கும்போது இன்னா பயம்?" என்றேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தப் பதினைந்து வருடத்தில் அது ஒரு முறைகூட எங்களை நடுவழியில் நிறுத்தியதில்லை. பெண்ணின் பிரசவத்துக்கு, என் அப்பாவின் கடைசி ஆஸ்பத்திரிக்கு, அச்சரப்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு முட்டளவுத் தண்ணீரில் என்று எல்லாவற்றுக்கும் வந்திருக்கிறது.

காலை 7.40க்குப் புறப்பட்டோம். திருக்கழுக்குன்றம் 14 கிலோமீட்டர், அரை மணி நேரம். அங்கே இட்லி, பொங்கல், காபி, இரண்டு பேருக்கு 150 ரூபாய். அங்கிருந்து மாமல்லபுரம் இன்னொரு 15 கிலோமீட்டர். 9.15க்குப் போய்விட்டோம். வண்டி நிறுத்த 80 ரூபாய். கடற்கரைக் கோயிலுக்கும் ரதங்களுக்கும் சேர்த்து ஆளுக்கு 40 ரூபாய்க்கு ஒரே டிக்கெட். கூட்டமே இல்லை. கடலில் இறங்கக் கூடாது என்று விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள், படகுகளை ரோடு வரைக்கும் ஏற்றிப் போட்டிருந்தார்கள். மழையில் நனைந்த கல் கறுத்து, சிற்பங்கள் வெயிலில் தெரிவதைவிடத் தெளிவாக இருக்கின்றன என்று மல்லிகா சொன்னாள். நான் "ஆமாம்" என்றேன். எனக்கு ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. டிக்கெட் கவுன்ட்டர் பலகையைப் படிக்கச் சொன்னபோதும் கண்ணாடி நனைந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்தேன்.

பதினொன்றரைக்கு மழை சற்று விட்டது. அப்போதே வந்த வழியில் திரும்பியிருக்க வேண்டும். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று ஈசிஆர் கடற்கரைச் சாலையில் தெற்கே 14 கிலோமீட்டர் போய் சதுரங்கப்பட்டினம் கோட்டையைப் பார்த்தோம். காலியான கோட்டை, உள்ளே பழைய கல்லறைகள், அந்தப் பக்கம் இரைந்துகொண்டிருக்கும் கடல். பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் நாங்கள் வெளியே வந்தபோது மணி ஒன்று, வானம் சாயங்காலம் ஆறு மணி போல இருண்டிருந்தது.

கல்பாக்கத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் ரோட்டில் மழை கொட்ட ஆரம்பித்தது. வைப்பர் முழு வேகத்தில் ஓடியது, அதில் ஒரு குறையும் இல்லை. எதிரே அணுமின் நிலைய ஊழியர்களை ஏற்றிவந்த பஸ்ஸின் விளக்கு மட்டும் என் கண்ணுக்குத் தோசைக்கல்லில் உடைத்து ஊற்றிய முட்டை மாதிரி பரவியது. ரோடே மறைந்துபோனது. இடது பக்கம் ஒடித்தேன். "ஐயோ, நிறுத்துங்க" என்று மல்லிகா என் தோளைப் பிடித்தாள். பிரேக்கை மிதித்தேன். கார் ஒரு முழ தூரத்தில் நின்றது. முன்னால் ஒரு மொபெட், அதன் பின்னால் ஐஸ் வைத்த மீன் பெட்டி.

மொபெட்காரர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். ஐம்பது வயதிருக்கும், தலையில் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தார்.

"ஏன் சார், பின்னால லைட்டு எரிஞ்சிகினுதான கீது. இம்மாம் பெரிய பொட்டி கீது. தெர்லியா?"

"மழையில..." என்றேன்.

"மழ எனக்குந்தான் பெய்து சார்."

அதற்கு மேல் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மல்லிகாவைப் பார்த்து, "பாத்து இட்டுகினு போம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த டீக்கடையில் ஓரம் கட்டினேன். டீ வந்ததும் மல்லிகா டம்ளரைக் கையில் எடுத்தாள். பிறகு, "எவ்ளோ நாளா?" என்றாள்.

சொன்னேன். ஆவணியிலேயே கண்ணாடிக் கடையில் இரண்டு கண்ணிலும் புரை என்று சொல்லிவிட்டார்கள். மழையிலும் இருட்டிலும் வண்டி எடுக்காதீர்கள் என்றும் சொன்னார்கள்.

"ஆடியிலதான ரெண்டு பேரும் லைசென்ஸ் ரினிவலுக்கு டாக்டர்கிட்ட போனோம்? போர்டுல இருந்த எழுத்தெல்லாம் கடகடன்னு படிச்சீங்களே."

"நீ முன்னாடி படிச்ச இல்ல, அதை மனப்பாடம் பண்ணிக்கிட்டேன்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "என் குரலை வச்சுத் திருடினீங்களா?" என்றாள். அதுதான் சரியான வார்த்தை.

வெட்கம் கெட்டு, அடுத்ததாக நான் சாவியை அவள் பக்கம் நகர்த்தி, "நீ ஓட்டேன்" என்றேன். இதை விளக்க வேண்டும். கார் வாங்கிய அடுத்த வருடம் மல்லிகா டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் முறையாகக் கற்றுக்கொண்டாள். முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினாள். முதல் வாரம் ரிவர்ஸ் எடுக்கும்போது கேட் தூணில் உரசி, பின் கதவில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "உனக்கு இதெல்லாம் சரிப்படாது, இறங்கு" என்றேன். இறங்கினாள். அதோடு சரி. அவள் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. லைசென்ஸை மட்டும் காலம் தவறாமல் புதுப்பித்துவந்தாள். எதற்கு என்று கேலி செய்தால், "அடையாளத்துக்கு ஆகுமே" என்பாள்.

இப்போது சாவியைத் தொடாமல் சொன்னாள்: "அன்னிக்கு ஒரு காலி கிரவுண்டுலகூட ஓட்ட விடல. பதினாலு வருஷம் கழிச்சு, இந்த மழையில, இந்த பஸ்ஸுங்களுக்கு நடுவுல ஓட்டணுமா? எனக்குப் பயமா இருக்குங்க. அப்போ பயம் இல்ல."

கடைக்கார அம்மாதான் வழி சொன்னார். "ஆக்டிங் டிரைவர் ஒர்த்தரு கீறாரும்மா, திருக்கழுக்குன்றத்துல. போன் போட்டா பஸ்ஸ புட்ச்சி வந்துருவாரு." வெளியூர் வாசகர்களுக்கு: சொந்தமாக வண்டி இல்லாமல், கூப்பிட்ட இடத்துக்கு வந்து நம் வண்டியை ஓட்டித் தருகிறவர் ஆக்டிங் டிரைவர். 700 ரூபாய், போக வர பஸ் காசு தனி. முக்கால் மணி நேரத்தில் குடையோடு வந்தார். பெயர் ஜேக்கப், நாற்பதுகளில் இருப்பார்.

மல்லிகா முன்னால் ஏறிக்கொண்டாள். நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். என் காரின் பின் சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் ரோடு பாதிதான் தெரிகிறது, எங்கே வேகம் குறைப்பார்கள் என்றும் தெரியாது. யாரோ ஒருவர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மல்லிகா பதினாலு வருடம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள், அதிலும் கடைசி நாலைந்து மாதம் கண் தெரியாதவன் பக்கத்தில்.

ஜேக்கப் நிதானமாக ஓட்டினார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் திடீரென்று சிரித்தார்.

"இன்னாம்மா, நீங்க வண்டி ஓட்டுவீங்களா?"

"ஏங்க?" என்றாள் மல்லிகா.

"நான் கீர் மாத்தச் சொல்லோ ஒவ்வொரு வாட்டியும் ஒங்க எடது காலு கிளச்ச அமுக்குது. அங்க கிளச்சே இல்ல. கரெக்ட்டான நேரத்துக்கு அமுக்கிறீங்க."

மல்லிகா காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். "பழக்கம்" என்றாள்.

கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தவர் கண்ணில் பட்டுவிட்டது. பதினாலு வருடமாக அந்தக் கால் எனக்கு ஒரு முழ தூரத்தில் வண்டி ஓட்டிக்கொண்டே வந்திருக்கிறது. அதற்கும் புரையைக் காரணம் சொல்ல முடியாது, எனக்குக் கண் நன்றாக இருந்த காலம்தான் அதிகம். 4.20க்கு வீடு வந்து சேர்ந்தோம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மொத்த தூரம் சுமார் 70 கிலோமீட்டர்தான், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்கு பஸ்ஸும் உண்டு. தாழ்வு மண்டலம் என்றால் தள்ளிப் போடுங்கள், கோயில் எங்கேயும் போகாது. கல்பாக்கம் ரோட்டில் ஷிப்ட் விடும் நேரத்தைத் தவிருங்கள். ஐம்பது தாண்டியவர்கள் டாக்டர் முன்னால் தெரிந்த எழுத்தை மட்டும் படியுங்கள். வண்டிக்கு டெஸ்ட் வைப்பது போல நமக்கும் யாராவது குனிந்து பார்த்து வைத்தால் நல்லதுதான்.

வரும் வியாழக்கிழமை எனக்கு முதல் கண் ஆபரேஷன். நேற்று மல்லிகாவிடம், "ஞாயித்துக்கிழமை கிரவுண்டுக்குப் போலாம், நீ ஓட்டிப் பழகு, நான் வாயே திறக்கமாட்டேன்" என்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கண்ணு சரியானதும் சாவிய நீங்க எடுத்துக்குவீங்க" என்றாள். "அதுவரைக்கும் ஓட்டி ஆசைய வளத்துக்கிட்டு, மறுபடி ஒரு தடவ இறங்க என்னால ஆகாதுங்க."