வாட்டர் கூலரைத் தோற்கடித்த கதை

எதிர்க்கட்சி என்றால் எல்லாவற்றையும் எதிர்க்க வேண்டுமா? 1986இல் எனக்கு விடை தெரியவில்லை. பிளஸ் டூ முடித்ததும் துபாய் வந்திருந்தேன். எங்கள் தொழிலாளர் கேம்பில் விடுமுறை நாளான வெள்ளிதோறும் விளையாட்டாக நாடாளுமன்றம் கூடும். அங்கே நிறைவேறும் கோரிக்கை மட்டும் நிஜமாகவே மேனேஜரிடம் போகும்.

எதிர்க்கட்சியில் மூன்றே பேர். கம்பி கட்டும் ராக்கப்பன் அண்ணன் குடிநீர்த் துறைப் பேச்சாளர். அவருக்கு உரை எழுதுபவன் நான். கட்டட சைட்டில் வெயிலில் காய்ந்த சுடுதண்ணீரையே குடித்து இருமுறை மயங்கியவர் அவர். வாட்டர் கூலர் வேண்டும் என்று மாதக்கணக்கில் முழங்கினார். ஒரு வெள்ளி ஆளுங்கட்சியே அதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தது. பழக்கதோஷத்தில் எதிர்த்து எழுதிக் கொடுத்தேன்.

"சுடுதண்ணிக்குப் பயந்தவனாய்யா துபாய்க்கு வந்தான்?" என்று அண்ணன் கர்ஜித்தார். கேம்பே சிரித்து எங்கள் பக்கம் கை தூக்கியது. முதல் வெற்றி!

மறுநாள் சைட்டில் சுடுதண்ணீரை விழுங்கிவிட்டு அண்ணன் கேட்டார்: "ஏன்டா தம்பி, நேத்து யாரைடா தோக்கடிச்சோம்?"

எதிர்த்துப் பேசக் கிளம்பும் யாரைப் பார்த்தாலும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். உரை எழுதியவன் நான்தான் என்றும் சொல்லலாம்.